டைப்பிஸ்ட்டை எதுக்கு அனுப்பின?

பேனாக்காவின் கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதனால் வந்த பெயர். படப்பிடிப்புத் தளத்தில் லைட் தூக்குகிறவரிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். 'லிப்ட் பழுது' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு ஆறு வருஷமாக வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச காலமாக யாராவது அந்தத் தொடரின் பெயரை எடுத்தாலே அவள் பேச்சை மாற்றினாள்.

தொடரின் கதை இவ்வளவுதான். ஊரில் உள்ள லிப்ட்களையெல்லாம் பழுது பார்க்கிற ஒரு கம்பெனி. அதன் அலுவலகம் நாலாவது மாடியில். அந்தக் கட்டிடத்து லிப்ட் மட்டும் ஓடாது. ஐந்து பேர் தினமும் மூச்சு வாங்க மாடியேறி வருவார்கள். மேனேஜர் அசட்டுத்தனமாக ஓர் உத்தரவு போடுவார். அது சாயங்காலத்துக்குள் சுற்றிச் சுழன்று அவர் தலையிலேயே வந்து விடியும். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் எல்லோரும் டைப்பிஸ்ட் என்றே கூப்பிடுகிற ஒரு பெண் இருந்தாள். மேனேஜர் வாயில் அதிகம் அகப்படுகிறவள் அவள்தான். எதைக் கேட்டாலும் "பார்த்துட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இருந்த இடத்தைவிட்டு அசையாத, உதிரிச் சாமான்களைக் காக்கிற ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் இருந்தார்.

அந்த "பார்த்துட்டு சொல்றேன்" ஒரு மத்தியானத் தலைவலியில் பிறந்தது. வேறு எதுவும் தோன்றாமல், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பேனாக்கா எழுதி வைத்த வரி. மாற்ற மறந்துபோனாள். இப்போது அதை டீக் கோப்பையிலும் பனியனிலும் அச்சடித்து விற்கிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது அவளை அறிமுகம் செய்துவைத்தால், எதிரே நிற்கிறவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "பார்த்துட்டு சொல்றேன்" என்று அந்தக் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்து வைப்பாள். ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து இழைத்து இழைத்து எழுதிய வசனங்களெல்லாம் காற்றோடு போய்விட்டன. நிலைத்து நின்றது இந்தச் சோம்பேறி வரி ஒன்றுதான்.

இதைவிட எரிச்சல் ஒன்று இருந்தது. தொடரில் வருகிற அந்த அலுவலகமும் அவள் வேலை பார்க்கிற அலுவலகமும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் போல இருந்தன. காலையில் கூட்டத்தில் அவள் ஒரு யோசனை சொல்வாள். யாருக்கும் காது கேட்காது. அதையே டீ குடித்துவிட்டு வந்து தயாரிப்பாளர் சொல்வார். எல்லோரும் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி தலையாட்டுவார்கள். "எப்படி சார் உங்களுக்கு மட்டும் தோணுது?" என்று இயக்குநர் கேட்பார். தயாரிப்பாளர் அடக்கமாகக் கூரையைப் பார்ப்பார்.

ஒரு நாள் அவள் தயாரிப்பாளரிடம் நேரடியாகவே பேசினாள்.

"ஆறு வருஷமா அந்தப் பொண்ணு மேனேஜர்கிட்ட பேச்சு வாங்கிட்டே இருக்கா சார். ஒரு நாளாவது திருப்பிக் கேக்க வேணாமா?"

"கேட்டுட்டு?"

"கேட்டுட்டு வேலைய விட்டுட்டுப் போகட்டும்."

"அவ போயிட்டா அடுத்த வாரம் மேனேஜர் யாரத் திட்டுவார்?" என்றார் தயாரிப்பாளர். விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமான கவலை.

ஆனால் அவள் அதிர்ஷ்டம், டைப்பிஸ்ட்டாக நடிக்கிற பெண்ணுக்கு அந்தச் சமயம் பார்த்து ஒரு சினிமா வாய்ப்பு வந்தது. கொஞ்ச நாள் விடுப்பு வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படியும் ஆள் இருக்கப் போவதில்லை, போகட்டும் என்று தயாரிப்பாளர் அரை மனதோடு தலையசைத்தார்.

பேனாக்கா அந்தப் பகுதியை ஒரே மூச்சில் எழுதினாள். மேனேஜர் வழக்கம்போல எல்லோர் முன்னாலும் டைப்பிஸ்ட்டைக் கிண்டல் செய்கிறார். அவள் எழுந்து நிற்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறாள். ஆறு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்கிறாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, போய்விடுகிறாள். படமாக்கியபோது தளத்தில் கை தட்டினார்கள். லைட்காரர் பேனாக்காவிடம் வந்து, "என் பொண்டாட்டி இதப் பாக்கணும்கா" என்றார். ஜனங்கள் இத்தனை வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தார்கள் என்று பேனாக்கா நிச்சயமாக நம்பினாள்.

ஒளிபரப்பான மறுநாள் காலையிலேயே தொலைக்காட்சி நிலையத்துத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர், வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி இருக்கிறது என்றாராம். ஒரு பள்ளிக்கூட டீச்சர், டைப்பிஸ்ட்டை இன்னொரு தடவை கேள்வி கேட்க விட்டிருக்கலாமே, எதற்குப் போகவிட்டீர்கள் என்று அழுதாளாம். பெயர் சொல்லாத ஒருவர், இனி சாயங்காலம் அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டுவிட்டுத் திட்டினாராம். அடுத்த வாரம் பார்க்கிறவர்கள் கூட்டம் சடசடவென்று சரிந்தது. அதற்கு அடுத்த வாரம் இன்னும் சரிந்தது.

"ஜனங்களுக்கு கதை வேணாம் பேனாக்கா," என்றார் தயாரிப்பாளர். "அந்த அஞ்சு பேர் வேணும். அவ்வளவுதான். நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க சொல்லல சார்."

"மனசுல நினைச்சேன்."

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது தங்கையின் மௌனம். கூடப்பிறந்தவள் ஒருத்திதான் அவளுக்கு; முன்பு ஒன்றாக இருந்தார்கள், இப்போது தனித்தனி வீடு. ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற கவுண்டரில் வேலை பார்த்தாள். தொடரின் முதல் நாளிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவள். அவளிடமிருந்து போனில் ஒரே ஒரு செய்தி வந்தது: "டைப்பிஸ்ட்டை எதுக்கு அனுப்பின?" அதற்குப் பிறகு பேச்சில்லை. கூப்பிட்டால் எடுப்பதில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பேனாக்கா நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். சண்டை போட்டாவது பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பணம் கட்டுகிற இடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தங்கையும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் எடையைப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து மற்றொரு காலுக்கு மாற்றிக்கொண்டு, வந்தவர்களிடம் சீட்டை வாங்கித் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

பேனாக்காவும் வரிசையில் நின்று முன்னால் போனாள்.

"உனக்கு என்னடி கோபம்?"

"பேஷன்ட் பேரு சொல்லுங்க," என்றாள் தங்கை, நிமிராமலே.

"விளையாடாத."

"பின்னாடி ஆளு நிக்கிறாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வா. கீழ, சலவை ரூமுக்குப் பக்கத்துல."

சாப்பாட்டு அறை என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. சலவை அறையிலிருந்து ஈரத் துணி வாடையும் இயந்திரங்களின் உறுமலும் வந்துகொண்டிருந்தன. நீளமான ஒரு மேஜை. அதைச் சுற்றி ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள். தங்கையும் மருந்துக் கவுண்டர்காரியும், ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவரும் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்திருந்தார்கள். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்திய ஒரு போனில் 'லிப்ட் பழுது' ஓடிக்கொண்டிருந்தது. புதியது இல்லை. மூன்றாவது வருஷத்தில் வந்த ஒரு பகுதி. மேனேஜர் தன் பிறந்த நாளுக்குத் தானே பரிசு வாங்கி வைத்துக்கொண்டு ஆச்சரியப்படுகிற கதை. எழுதிய அன்றே அவள் வெட்கப்பட்ட பகுதி.

"இதையா பாக்குறீங்க?" என்றாள் பேனாக்கா.

"இது நல்லா இருக்கும்," என்றாள் மருந்துக் கவுண்டர்காரி, அவள் யாரென்று தெரியாமல். "இப்ப பாருங்க, பொட்டலத்தப் பிரிக்கத் தெரியாம ஸ்டோர்ஸ்காரர்கிட்ட கத்திரிக்கோல் கேப்பார்."

மூன்று பேரும் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தங்கை அக்காவை அறிமுகம் செய்யவில்லை. ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான். பேனாக்கா உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டம்ளர் டீ. மருந்துக் கவுண்டர்காரி சட்டென்று போனைக் கவிழ்த்தாள். வந்தவர் அவர்களுடைய சூப்பர்வைசர்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கவுண்டர்ல இருந்த நாற்காலிய எடுத்ததப் பத்தி சில பேர் முணுமுணுக்கிறதா கேள்விப்பட்டேன்," என்றார். "உங்க நல்லதுக்குத்தான் எடுத்திருக்கு. உக்காந்தே இருந்தா முதுகு போயிடும்னு நம்ம டாக்டர்களே சொல்றாங்க. வர்றவங்களுக்கும் நின்னு பேசினாத்தான் மரியாதை. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சலவை இயந்திரம் மட்டும் உறுமியது. மருந்துக் கவுண்டர்காரி மெதுவாகத் தலையை நிமிர்த்தி, மிகுந்த பணிவோடு சொன்னாள்:

"பார்த்துட்டு சொல்றேன் சார்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் ஸ்டோர்ஸ்காரர் கடைசி எழுத்தை எப்படி இழுப்பாரோ அப்படியே இழுத்தாள். பரிசோதனைக் கூடத்துக்காரர் டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தங்கையின் தோள் குலுங்கியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் வெடித்துவிடுவோம் என்று மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்தார்கள்.

"இதுல பாக்க என்ன இருக்கு?" என்றார் சூப்பர்வைசர். பதில் வராததால் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். கதவு மூடியதும் அந்த அறை சிரித்த சிரிப்பைப் பேனாக்கா அதுவரை எந்தப் படப்பிடிப்பிலும் கேட்டதில்லை. பரிசோதனைக் கூடத்துக்காரருக்குப் புரையேறி, தங்கை அவர் தலையில் தட்டினாள்.

பேனாக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த வரியைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாளோ, அது இங்கே இவர்களுக்கு ஒரு காரியம் செய்து கொடுத்துவிட்டது. பார்த்துப் பார்த்து எழுதிய எதுவும் செய்யாத காரியம். அது அவளைச் சந்தோஷப்படுத்தவில்லை. என்னவோ கையாலாகாத ஒரு கோபம்தான் வந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் தங்கையைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்கு என்கூடப் பேசல?"

"என்ன பேசச் சொல்ற?"

"நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லு."

"நல்லாத்தான் இருந்துச்சு. அவ பேசினப்போ எங்க மூணு பேருக்கும் புல்லரிச்சுப் போச்சு." தங்கை படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "நான் இங்க சேர்ந்தப்போ அந்த மேஜையில ஆறு பேர் இருந்தோம்க்கா. உனக்கு ஞாபகம் இருக்கா, ஒருத்தி நம்ம வீட்டுக்குக்கூட வந்திருக்கா. கல்யாணமாகிப் போயிட்டா. ஒருத்தர வேற கிளைக்கு மாத்தினாங்க. ஒருத்தர திடீர்னு ஒரு நாள் நாளையில இருந்து வர வேணாம்னுட்டாங்க. தினம் ஒரே டப்பாவுல கை விட்டு சாப்பிட்டவங்க. இப்ப எங்க இருக்காங்க, என்ன பண்றாங்க, ஒண்ணும் தெரியாது. முதல்ல போன் பண்ணிப்போம். அப்புறம் அதுவும் இல்ல. நீ எழுதின ஆபீஸ்ல மட்டும்தான் யாரும் போகல. அதுக்குத்தான் பாக்குறோம். அதுலயும் ஒருத்திய அனுப்பிட்டு, ஏதோ நல்ல காரியம் பண்ணிட்டதா நினைச்சிட்டிருக்க."

"அது கதைடி."

"எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டுல உக்காந்துதானே எழுதின. இருந்தாலும் காலையில பஸ் கிடைக்காம நிக்கும்போது, அவங்களும் இப்ப மூச்சு வாங்க மாடி ஏறிட்டிருப்பாங்கன்னு நினைச்சுப்பேன். அது ஒரு மாதிரி துணை."

பேனாக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ நீங்க எல்லாரும் இங்க நின்னே தேய்ஞ்சு போகணும், அதுக்கு நான் வாராவாரம் சிரிப்பு காட்டணும், இல்லையா? அந்த ஆளு உங்க நாற்காலிய எடுத்துட்டுப் போயிருக்கான். உங்க எதிர்லயே உக்காந்து டீ குடிக்கிறான். நீங்க டப்பாவுக்குள்ள குனிஞ்சு சிரிக்கிறீங்க. நான் எழுதாம இருந்திருந்தா, ஒருவேளை அவன நிக்க வெச்சுக் கேட்டிருப்பீங்க."

அந்த அடி பட்டுவிட்டது என்று தங்கையின் முகத்திலேயே தெரிந்தது. பாதத்தைப் பிடித்துவிடுவதை நிறுத்தினாள்.

"இருக்கலாம்," என்றாள். "ஆனா கேக்காம இல்ல. எல்லாருமா சேர்ந்து மேல புகார் கொடுத்தோம். அத விசாரிக்கச் சொல்லி அவர்கிட்டயே அனுப்பினாங்க." செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "உன் டைப்பிஸ்ட் பேசினது அத்தனையும் சரி. கதவத் திறந்தா, போனா, பாட்டு போட்டீங்க. மறுநாள் காலையில எந்திரிச்சு அவ என்ன பண்ணா? யார் வீட்டு வாசல்ல போய் நின்னா? அத நீ எழுதலையே. அந்த மாதிரி போறது எனக்கும் தெரியும். அதுக்கு அப்புறம்தான் தெரியாது."

பேனாக்கா அதை யோசித்ததே இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சாயம் பூசாத பலகைச் சுவர், ஒரு மின்விசிறி, நடிகர்கள் உட்காருகிற மடக்கு நாற்காலி. டைப்பிஸ்ட் என்ற பெண் அதைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. தங்கை கவுண்டருக்குப் போய்விட்டாள். பேனாக்கா அந்தப் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, சண்டையில் தான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாக யோசித்தாள். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

அந்த வாரமே தயாரிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். டைப்பிஸ்ட் திரும்பி வந்தாக வேண்டும். நடிகையின் சினிமாவும் பாதியில் நின்றுவிட்டது. அவளும் தயார்.

"எல்லாம் கனவுன்னு சொல்லிடலாம்," என்றார். "ஸ்டோர்ஸ்காரர் கண்ட கனவு. முழிச்சுப் பாத்தா டைப்பிஸ்ட் உக்காந்திருக்கா. எப்படி?"

"ஜனங்க காதுல பூ சுத்துறதா சார்?"

"சுத்திக்கத்தான் அவங்க காத்திட்டிருக்காங்க."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டைப்பிஸ்ட் வேலை தேடி அலைகிற கதையை எழுதிக் கொண்டுபோனாள். ஒவ்வொரு கம்பெனியிலும் பழைய மேனேஜரிடமிருந்து ஒரு நற்சான்று கேட்கிறார்கள். தயாரிப்பாளர் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இதப் பாத்து யார் சிரிப்பான்?" என்று மேஜைமேல் வைத்தார். இன்னொன்று எழுதினாள். மேனேஜர் மன்னிப்புக் கேட்கிறார். அதை அவளே கிழித்தாள். எந்த மேனேஜர் எந்தக் காலத்தில் கேட்டார்? பல் துலக்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் அந்தப் பெண் கைப்பையோடு எதிரே வந்து நின்றாள். அவளை உள்ளே கூப்பிடவும் முடியவில்லை, போ என்று சொல்லவும் முடியவில்லை. தொடரைத் தொடங்கி வைத்த நாளை நினைத்துப் பேனாக்கா தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் எழுதியது மிகச் சின்ன காட்சி. டைப்பிஸ்ட் போனதும் அவள் நாற்காலியை எடுத்துவிடச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டிருக்கிறார். ஸ்டோர்ஸ்காரர் வழக்கம்போல, பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாதபடி அதன்மேல் கம்பிச் சுருள், பழைய மோட்டார், உருளைகள் என்று ஒரு மலையே குவித்து வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை டைப்பிஸ்ட் மாடியேறி வந்து வாசலில் நிற்கிறாள். ஏன் வந்தாய், எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டோர்ஸ்காரர் எழுந்து வருகிறார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, பார்க்கிறவர்கள் கண்ணெதிரே அவர் தன் இடத்தைவிட்டு எழுந்திருப்பதே அப்போதுதான். ஒவ்வொரு சாமானாக இறக்கி வைக்கிறார். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைக்கிறார். அவள் உட்காருகிறாள். யாரும் பேசவில்லை.

ஸ்டோர்ஸ்காரராக நடிக்கிறவர் அதைப் படித்துவிட்டு அவளிடம் வந்தார்.

"இந்த இடத்துல நான் என்ன பேசணும் பேனாக்கா?"

"ஒண்ணும் பேச வேணாம்."

அவர் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "என்னை வாய மூடிட்டு நடிக்கச் சொல்ல உனக்கு இத்தன வருஷம் ஆச்சு," என்றார்.

ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள். தளத்தில் ஒரு இருமல்கூட இல்லை. பேனாக்காவுக்கு நீண்ட நாளைக்குப் பிறகு மனசு கொஞ்சம் ஆறியது.

ஒளிபரப்பான அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். ஸ்டோர்ஸ்காரர் எழுந்தார். பின்னணியில் ஒரு கூட்டம் கொல்லென்று சிரித்தது. கம்பிச் சுருளை இறக்கினார். சிரிப்பு. மோட்டாரை இறக்கினார். பெரிய சிரிப்பு. கைக்குட்டையை எடுத்தபோது சிரிப்போடு கை தட்டலும் சேர்ந்துகொண்டது. அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

மறுநாள் தயாரிப்பாளர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள்.

"அங்க யார் சார் சிரிச்சது?"

"யாரும் சிரிக்கலைன்னுதான் நாங்க சிரிப்புச் சத்தத்தப் போட்டோம்," என்றார் அவர், இது என்ன கேள்வி என்பதுபோல.

"அது சிரிக்கிற இடம் இல்ல."

"சத்தமே இல்லாம அவ்வளவு நேரம் விட்டா, டிவி கெட்டுப்போச்சுன்னு ஜனங்க எழுந்து தட்டிப் பாப்பாங்க பேனாக்கா. விடுங்க. விழுந்த கூட்டம் அப்படியே திரும்பி வந்திருச்சு. பழைய அளவத் தாண்டிப் போகுது. வாங்க, எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி சொல்லணும்."

நல்ல சேதி என்னவென்றால், நிலையம் இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தொடரை நீட்டித்திருந்தது. எல்லோரையும் கூட்டி வைத்து அவர் அதைச் சொன்னார். டைப்பிஸ்ட்டை வெளியே அனுப்பி, ஜனங்களை ஏங்க வைத்து, பிறகு கொண்டுவருவது என்பது தான் ஆரம்பத்திலேயே போட்ட திட்டம் என்றும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். இயக்குநர், "எப்படி சார்?" என்று தொடங்கினார்.

பேனாக்கா அன்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இந்த மாதத்தோடு தான் விலகிக்கொள்வதாகச் சொல்லும் வாக்கியம். எழுந்து நின்று, "நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். அதே சமயம் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். அவள் குரல் அதில் மூழ்கிப்போனது. தட்டி ஓய்ந்ததும் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போய்விட்டால் மறுநாள் காலை எழுந்து என்ன செய்வது என்ற கேள்வி தன்னையும் வந்து மடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்து தங்கைக்குப் போன் செய்தாள். இந்த முறை உடனே எடுத்தாள்.

"பாத்தோம்க்கா. நாற்காலி எங்ககிட்ட இருந்து சுட்டதுதானே? மருந்துக் கவுண்டர்காரி கண்டுபிடிச்சிட்டா. நீ யாருன்னும் சொல்லிட்டேன்."

"அந்தச் சிரிப்பு சத்தத்த நான் போடல."

"எந்தச் சிரிப்பு? ஓ, அதுவா. அவ வந்துட்டாள்ல, போதும்."

"போதும்ங்கிற. உங்க நாற்காலி வந்துச்சா?"

"வரல," என்றாள் தங்கை. பின்னால் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "சரி, ஆளு நிக்கிறாங்க, வெச்சிடவா?"

வைத்துவிட்டாள். கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் பேனாக்கா பஸ் பிடித்தாள். வேலை விடுகிற நேரம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு பெரிய கடையின் சீருடையில் ஒரு பெண், மார்பில் குத்திய பெயர் வில்லையைக்கூடக் கழற்றாமல், ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் போனையும் பிடித்துக்கொண்டிருந்தாள். போனில் ஸ்டோர்ஸ்காரர் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்தாள். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, திரும்ப ஓடவிட்டு, அதே இடத்தில் திரும்பச் சிரித்தாள்.

இது சிரிக்கிற இடம் இல்லை என்று சொல்லப் பேனாக்காவின் நாக்கு துடித்தது. அவள் எட்டிப் பார்ப்பதைக் கவனித்த அந்தப் பெண் போனை அவளுக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்தாள்.

"நீங்க பாப்பீங்களாக்கா?"

"எப்பவாவது."

"நான் விடவே மாட்டேன். எங்க கடையிலயும் இந்த மாதிரி ஒருத்தர் இருந்தார். பேசவே மாட்டார். நான் உடம்பு சரியில்லாம பத்து நாள் வராம இருந்துட்டு வந்தப்போ, என் இடத்துல வேற ஆளப் போடவிடாம, ரெண்டு கவுண்டரையும் அவரே ஓடி ஓடிப் பாத்திருக்கார். வந்ததும் என்கிட்ட ஒரு வார்த்த பேசல. எனக்கு அப்ப சிரிப்புதான் வந்துச்சு. இப்பவும் அப்படித்தான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"தெரியலக்கா. வேலைய விட்டு நின்னுட்டார்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இரண்டு பேரும் ஒரே கம்பியை இறுக்கிப் பிடித்தார்கள். போனில் டைப்பிஸ்ட் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் உள்ளேயிருந்து வந்து, நேற்றைய கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்தப் பெண் அதற்கும் சிரித்தாள். பேனாக்காவின் நிறுத்தம் வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கினாள்.

தெருவில் நடக்கும்போது, அந்தப் பெண் சொன்ன கடை ஆள் இரண்டு கவுண்டருக்கும் நடுவில் எப்படி ஓடியிருப்பார், அதைப் பார்த்து மேனேஜர் என்ன சொல்லியிருப்பார் என்று மனசு பாட்டுக்கு வசனம் கோக்க ஆரம்பித்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் இது என்ன இழவு என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஓடுகிறவர் ஸ்டோர்ஸ்காரராக இருக்க முடியாது, அவர் எழுந்திருக்கவே ஆறு வருஷம் ஆனவர். அப்படியானால் வேறு யார்? மளிகைக் கடை வாசலில் ஓரமாக நின்று, கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். எழுதக் காகிதம் இல்லை. பையைத் துழாவி, பஸ் டிக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் கூட்டிய கூட்டத்தில் கை தட்டிய ஒவ்வொருவரையும் வாய்க்குள் திட்டியபடி எழுதத் தொடங்கினாள்.